மேடம் கை வைக்காத மோட்டார்

கற்றல் என்றால் செய்து பார்ப்பது என்று நான்கு பக்கம் எழுதி, சென்னையில் படித்த பயிற்றுநர் படிப்பில் அனுசுயா நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். எழுதியதோடு சரி.

காட்டூரில் இருக்கும் ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவுக்கு ஆள் எடுத்தபோது, நேர்காணலில் முதல்வர் செபஸ்தியான் கேட்டார்:

"எப்படிங்க பாடம் எடுப்பீங்க?"

"நான் செய்வேன் சார். அவங்க பாப்பாங்க."

செபஸ்தியான் தலையாட்டினார். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் தலையாட்டினார்கள். பின்னால் வந்த எல்லாத் தொல்லையும் அந்த ஒரு பதிலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை. ஒரு வருடம் தற்காலிகம், பார்த்துவிட்டு நிரந்தரம் என்று பேசி வேலையைக் கொடுத்தார்கள்.

அதற்கு முன்பு அனுசுயா பாலக்கரையில் ஒரு சந்துக்குள் இருந்த வைண்டிங் கடையில் வேலை பார்த்தாள். எரிந்துபோன மோட்டாருக்குள் இருக்கும் கருகிய கம்பியை எல்லாம் பிடுங்கிவிட்டு, புதுத் தாமிரக் கம்பியைச் சுற்றி உள்ளே இறக்குவதுதான் அந்தக் கடையின் தொழில். அவள் சுற்றிய மோட்டார் திரும்பி வராது என்று ஒரு பேர் உண்டு. ஆனால் அந்தப் பேர் கடைக்காரருடைய பேராகத்தான் ஊருக்குள் உலவியது. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லையாம்மா?" என்பார்கள். இவள் கையில் கம்பியோடு உட்கார்ந்திருப்பாள். "டீ குடிக்கப் போயிருக்காரு, குடுத்துட்டுப் போங்க" என்பாள். எத்தனை பேரிடம் "நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருப்பது?

ஐ.டி.ஐ.க்குப் போன முதல் நாள் முப்பது பேர் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்றார்கள். அன்று சாயங்காலம் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பும் பஸ்ஸில், காவிரிப் பாலம் முழுக்க அவளுக்கு அந்த வார்த்தைதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா மண்டபம் ரோட்டில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் கணவன் ரத்தினவேலிடம், "என்னைய மேடம்னு கூப்பிடுங்க, ஒரு தடவை" என்றாள்.

"மேடம், சாம்பார் அடி புடிக்குது, போய்ப் பாருங்க மேடம்" என்றான் அவன்.

வைண்டிங் வகுப்பு தொடங்கியதும் வியாதி வெளியே தெரிந்தது. வியாதி அவள் கையில் இருந்தது. ஒரு மாணவன் கம்பியை மோட்டாரின் துளைக்குள் இறக்கும்போது இரும்பு விளிம்பில் லேசாக உரசினால் போதும், அவளுக்குப் பல் கூசும். கம்பியின் மேல் இருக்கும் பூச்சு உரிந்தால் மோட்டார் எரிந்துவிடும் என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் அவளுக்கு அது புத்தகம் இல்லை, பல். "தள்ளு, தள்ளு, இப்படி இல்ல" என்று சொல்லிக்கொண்டே கம்பியை வாங்குவாள். ஒரு சுற்று காட்டுவதற்காகத்தான் வாங்குவாள். நிமிர்ந்து பார்த்தால் மோட்டார் முடிந்திருக்கும், மணி அடித்திருக்கும், பையன்கள் சைக்கிள் ஸ்டாண்டில் இருப்பார்கள்.

அந்த வருடம் பட்டறையில் சுற்றிய மோட்டார்கள் அத்தனையும் ஓடின. செபஸ்தியான் வருகிறவர்களிடம் எல்லாம் அவற்றை ஓடவிட்டுக் காட்டினார்.

பிறகு மாணவர்களைக் கடைகளுக்கு இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பும் காலம் வந்தது. மன்னார்புரத்தில் பம்ப்செட் கடை வைத்திருக்கும் பீமராவிடம் மூன்று பேர் போனார்கள்: ஜீயபுரத்திலிருந்து வரும் பானுப்ரியா, வாய் ஓயாத சுடலைமுத்து, எதற்கெடுத்தாலும் "நான் இல்ல மேடம்" என்று ஆரம்பிக்கும் ரெஜிஸ். மூன்றாம் நாள் காலை மூன்று பேரும் வகுப்பு வாசலில் நின்றார்கள். பின்னாலேயே பீமராவின் போன் வந்தது. செபஸ்தியான் அதை ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், உங்க புள்ளைங்க நல்ல புள்ளைங்க. மரியாதை இருக்கு. நான் கேக்கறதுக்கு முன்னாடியே நோஸ் பிளையரை எடுத்து நீட்டுறாங்க. டார்ச் அடிக்கச் சொன்னா கை ஆடாம அடிக்கிறாங்க. வேடிக்கை பாக்குறதுக்கு இவ்வளவு நல்லா ட்ரெய்னிங் குடுத்த ஐ.டி.ஐ.யை நான் பாத்ததே இல்ல."

"சுத்தச் சொன்னீங்களாங்க?"

"சொன்னேனே. கம்பியக் கையில குடுத்தேன். மூணு பேரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க சார். கல்யாணம் ஆன புதுசுல என் பொண்டாட்டிகூட என்னைய அப்படிப் பாத்ததில்ல."

செபஸ்தியான் போனை வைத்தார். அனுசுயா சுவரில் இருந்த பாதுகாப்பு விதிகளைப் படிப்பதுபோல் நின்றாள்.

"மேடம்," என்றார் அவர், "இங்க ஓடுற மோட்டாரெல்லாம் யாரு சுத்தினது?"

"பசங்கதான் சார்."

"மேடம்."

"...கொஞ்சம் நானும்."

அவர் கோபக்காரர் இல்லை. ஆனால் கணக்குத் தெரிந்தவர். மே மாதம் நிர்வாகக் குழு கூடும், அவளை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று அப்போது அவர் சொல்லியாக வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை பீமராவை நேரில் கூப்பிடுகிறேன், அவர் கொண்டு வரும் எரிந்த மோட்டாரை இந்த மூன்று பேரும் அவர் கண் முன்னால் சுற்ற வேண்டும் என்றார். "உங்க கை படக்கூடாது. வாயும் தொறக்கக்கூடாது. மோட்டார் ஓடினா நீங்க டீச்சர். ஓடலைன்னா, உங்கள மாதிரி மெக்கானிக் கெடைக்க மாட்டாங்க, அத நான் எங்க வேணா சொல்லுவேன். ஆனா எங்களுக்கு வேண்டியது டீச்சர்."

மெக்கானிக் என்ற வார்த்தை அவள் ஆசைப்பட்ட காலத்தில் ஒருவர் வாயிலும் வரவில்லை. இப்போது வந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தை ரத்தினவேலிடம் சொன்னாள். அவனும் சொல்லிக்கொடுக்கிறவன்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறான். அந்தக் காரில் அவன் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு.

"நீங்க எப்படிங்க சும்மா உக்காந்திருக்கீங்க, அவன் தப்புத் தப்பா ஓட்டும்போது?"

"பயந்துகிட்டே உக்காந்திருப்பேன்."

"கை போகாதா ஸ்டீயரிங்குக்கு?"

"போனா அவன் கைய விட்டுடுவான் அனு. அப்புறம் காரை யாருமே ஓட்ட மாட்டோம். நான் பிரேக்க மட்டும்தான் மிதிப்பேன், அதுவும் செத்துருவேன்னு தெரிஞ்சாத்தான்." அவன் அப்பளத்தை நொறுக்கினான். "உன் கதையில யாரும் சாகப் போறதில்லையே. ஒரு மோட்டாரு எரியும். எரியட்டும். ஏற்கனவே எரிஞ்சதுதானே?"

நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நியாயம் காதுக்குள் போகுமே தவிர, கைக்கு இறங்காது.

திங்கட்கிழமை ஒத்திகை பார்த்தார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். சுடலைமுத்து கம்பியை ஒரு துளை தள்ளி இறக்கினான். அவள் குனிந்து முகவாயால் சரியான துளையைக் காட்டினாள். முகவாயில் கரி ஒட்டிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை, அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது என்று முடிவு செய்து வராண்டாவில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கம்பிக்குள் இருந்து ஒரு ஒட்டடைக் குச்சி நீண்டு வந்து மோட்டாரின் மண்டையில் தட்டியது.

"அங்க இல்லடா, அடுத்ததுல!"

"மேடம், தூசி கண்ணுல விழுது மேடம்" என்றான் ரெஜிஸ். "நான் இல்ல மேடம், அவன்தான் தப்பாப் போட்டான்."

புதன்கிழமை தையல் பிரிவு ஆசிரியை டெல்பின் வந்தாள். கைவசம் ஒரு அளவு நாடா இருந்தது. அனுசுயாவை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கையையும் சேர்த்து நாடாவால் கட்டினாள். "அறுபது இன்ச். அறுக்க மாட்டீங்க, என்னோட நாடா இது" என்று எச்சரித்துவிட்டுப் போனாள். திரும்பி வந்து பார்த்தபோது, கட்டிய இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து அனுசுயா கம்பியை இறக்கிக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களையெல்லாம் லாக்கப்புல வெச்சாக்கூட ஃபேனைக் கழட்டிருவீங்க" என்றாள் டெல்பின்.

வியாழக்கிழமை மத்தியானம் அனுசுயா உண்மையிலேயே பயந்துபோனாள். பாலக்கரைச் சந்து கண் முன்னால் வந்தது. சாப்பாட்டுக் கூடையைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தபோது பானுப்ரியா பக்கத்தில் வந்து நின்றாள். அதிகம் பேசாத பெண். வகுப்பில் மெதுவாகச் சுற்றுகிறாள் என்று அவளிடமிருந்துதான் அனுசுயா முதலில் கம்பியைப் பிடுங்குவாள்.

"மேடம், நாளைக்குக் காலைல கொஞ்சம் சீக்கிரம் வர்றீங்களா? மருதாணி வெச்சு விடறேன்."

"இப்ப எனக்கு அதுதான் கொறச்சல்."

"ரெண்டு கையிலயும் மேடம். முழங்கை வரைக்கும். நாலு மணி நேரம் எதையும் தொட முடியாதுல்ல?"

அனுசுயா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பானுப்ரியா தரையைப் பார்த்தாள். அவளுடைய சித்தி கல்யாண வீடுகளுக்குப் போய் மருதாணி போடுகிறவள் என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் இவளும் கூடப் போவாள் என்றும் அப்போதுதான் தெரிய வந்தது.

வெள்ளிக்கிழமை காலை காலிப் பட்டறையில் வேலை நடந்தது. பானுப்ரியா மருதாணிக் கோனின் நுனியை வெட்டி, அனுசுயாவின் வலது கையை மேசையில் விரித்து வைத்தாள். மணிக்கட்டில் ஆரம்பித்த ஒரு கோடு, விரலைச் சுற்றி, வளைந்து, எங்கும் அறுபடாமல் திரும்பி வந்தது. பக்கத்திலேயே அடுத்த கோடு. இரண்டுக்கும் நடுவில் ஒரே இடைவெளி, நூல் பிடித்ததுபோல.

"இங்க கொஞ்சம் தடிமனா வருதே" என்றாள் அனுசுயா.

"கைய ஆட்டாதீங்க மேடம்."

"இல்ல, அந்த வளைவுல..."

"மேடம். நீங்க ஆட்டினாத்தான் தப்பா வரும்."

அனுசுயா வாயை மூடினாள். சும்மா உட்கார்ந்து ஒருவர் வேலை செய்வதை முழுசாகப் பார்த்து அவளுக்கு எவ்வளவு நாளாயிற்று! இந்தப் பெண்ணின் கை மெதுவாகத்தான் போகிறது. ஆனால் ஒரு இடத்தில்கூட உரசவில்லை. இந்தக் கையிடமிருந்தா இத்தனை மாதமாகக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது, கோன் முழங்கையை எட்டியிருந்தது.

வாய்க்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. ரத்தினவேல் காலையில் ஒரு கமர்கட்டுப் பொட்டலத்தை அவள் பையில் போட்டிருந்தான். "ஒண்ணு போட்டா ஒரு மணி நேரத்துக்குப் பல்லு பிரியாது." டெல்பின் ஒன்றை எடுத்து அவள் வாயில் போட்டுவிட்டுப் போனாள்.

பீமராவ் ஆட்டோவில் மோட்டாரோடு வந்து இறங்கினார். அரை எச்.பி. தண்ணீர் மோட்டார். உள்ளே கம்பி எல்லாம் கருகல். செபஸ்தியான் அவருக்கு நாற்காலி போட்டார். இரண்டு கையையும் சாமி ஊர்வலத்தில் தட்டு ஏந்தியதுபோல் நீட்டிக்கொண்டு நின்ற அனுசுயாவைப் பீமராவ் மேலும் கீழும் பார்த்தார்.

"விசேஷங்களா?"

அனுசுயா தலையை ஆட்டினாள். கமர்கட்டு கன்னத்தில் புடைத்தது.

மூன்று பேரும் ஆரம்பித்தார்கள். பழைய கம்பியைப் பிடுங்கி, துளைகளைச் சுத்தம் செய்து, கம்பி இரும்பில் படாமலிருக்கக் காகிதம் வெட்டிச் செருகினார்கள். அதுவரை பழுதில்லை. பானுப்ரியா கம்பியை இறக்கத் தொடங்கும்போது சுடலைமுத்து வழக்கம்போல் திரும்பி அனுசுயாவின் முகத்தைப் பார்த்தான். பார்த்ததும், "பானு, கொஞ்சம் தள்ளிப் போடு" என்றான். அடுத்து ரெஜிஸ் பார்த்தான். "சரியாத்தான் இருக்கு, போ" என்றான்.

அப்போதுதான் அனுசுயாவுக்கு உறைத்தது. கையையும் வாயையும் கட்டியாயிற்று. மூஞ்சி திறந்தே கிடக்கிறது. இந்த ஒரு வருடத்தில் இந்தப் பிள்ளைகள் மோட்டாரைப் படிக்கவில்லை, அவளுடைய புருவத்தைப் படித்திருக்கிறார்கள். புருவம் ஏறினால் தப்பு, இறங்கினால் சரி.

அவள் மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

"மேடம்?" என்றான் சுடலைமுத்து.  "மேடம், கோவமா?"

"இங்க பாரு" என்றாள் பானுப்ரியா. "அங்க என்ன பார்வை?"

அதற்கப்புறம் அனுசுயாவுக்குக் காது மட்டும்தான் மிச்சம். கம்பி காகிதத்தில் வழுக்கும் சத்தம் கேட்டது. ஒருதரம் இரும்பில் உரசும் சத்தம் கேட்டது, பல் கூசியது, கமர்கட்டைக் கடித்தாள். "பிரி, பிரி, பூச்சு போயிருக்கும், அந்தச் சுத்த எடுத்துரு" என்று ரெஜிஸின் குரல் வந்தது. ரெஜிஸா! "நான் இல்ல" என்று ஆரம்பிக்காமல் அவன் ஒரு தப்பைப் பற்றிப் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. சுவரில் இருந்த பாதுகாப்பு விதிகளை அவள் இந்த முறை நிஜமாகவே படித்தாள். பதினோராவது விதியில் ஈரக் கையோடு எதையும் தொடாதே என்று போட்டிருந்தது.

சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் நகரவில்லை. டெல்பின் வந்து கமர்கட்டு தீர்ந்துவிட்டதா என்று பார்த்து இன்னொன்று போட்டுவிட்டுப் போனாள். முனைகளை இணைத்தார்கள். டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தார்கள். மோட்டாரின் உடம்பில் கரன்ட் இறங்கவில்லை என்று சுடலைமுத்து சத்தமாகச் சொன்னான். சுவிட்ச் சொடுக்கும் ஓசை கேட்டது. ஒரு முனகல். பிறகு மோட்டார் சீராகச் சுழலும் இரைச்சல்.

"ஓடுது! மேடம், ஓடுது!"

 திரும்பப் போன அனுசுயா, அறையில் வேறு யாரும் சந்தோஷப்படவில்லை என்பதைக் கேட்டு நின்றாள். பீமராவின் குரல் மட்டும் வந்தது.

"ஓடுது, சரி. தண்ணி வருமா?"

 ஒரு கடைக்காரர் இப்படிக் கேட்டால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். திரும்பி ஒரே ஒரு பார்வை பார்த்தால் போதும். புருவம் மீதியைச் சொல்லிவிடும். பிள்ளைகளின் கண்கள் முதுகில் குத்துவது தெரிந்தது. முதுகுக்குப் புருவம் இல்லாததற்காக அவள் ரங்கநாதருக்கு நன்றி சொன்னாள்.

"கண்டன்சர் வீக்கோ?" என்றான் சுடலைமுத்து.

"கண்டன்சர் வீக்குன்னா கெளம்பியே இருக்காது" என்றான் ரெஜிஸ்.

"மொதல்ல பிளக்கப் புடுங்கு" என்றாள் பானுப்ரியா. இரைச்சல் அடங்கியது. மோட்டாரைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவளே, "இங்க பாருங்கடா. உடம்புல அம்புக்குறி இந்தப் பக்கம் போட்டிருக்கு. நம்ம அந்தப் பக்கம் சுத்த விட்டிருக்கோம். இப்படிச் சுத்தினா தண்ணி ஏறாது."

"தலைகீழா?"

"ஸ்டார்ட்டிங் காயில் முனைய மாத்திக் குடுத்துட்டோம். அத மட்டும் மாத்திப் போட்டா போதும்."

"அது நான்தான் குடுத்தேன்" என்றான் ரெஜிஸ்.

"தெரியும். சண்டைய அப்புறம் போடலாம், இப்ப கட்டப் பிரி."

மறுபடி சுவிட்ச். மறுபடி முனகல், இரைச்சல். இந்த முறை பீமராவின் நாற்காலி கிறீச்சிட்டது. அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"மேடம், திரும்பலாம்" என்றார் செபஸ்தியான்.

அவள் திரும்பினாள். நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்திருந்ததால் புருவத்துக்கு மேல் மருதாணியின் ஒரு மாங்காய்ப் பூ பச்சையாக ஒட்டியிருந்தது. சுடலைமுத்து சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான்.

"மூணு பேரையும் திங்கக்கெழமை அனுப்புங்க" என்றார் பீமராவ். "தப்பு வந்துச்சு. என் மூஞ்சியப் பாக்கல, மோட்டாரப் பாத்தாங்க." பிறகு அனுசுயாவிடம் திரும்பினார். "பாலக்கரை வைண்டிங் கடையில கம்பியோட உக்காந்திருந்தவங்க நீங்கதானே? காலைலேர்ந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன். அந்தக் கடையிலேர்ந்து வந்த மோட்டாரப் பிரிச்சா, உள்ள ஒரு கட்டு இருக்கும், அவ்வளவு நேரா. நம்ம கடைக்கு வந்துருங்க. இங்க குடுக்கறதுக்கு மேல தர்றேன். போர்டுல உங்க பேரையும் போட்டுர்றேன்."

செபஸ்தியான் பீமராவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். பார்வையில் கொஞ்சம் பதற்றம் இருந்தது. மூன்று பிள்ளைகளும் அவள் புருவத்தைத் தேடினார்கள்.

அனுசுயா கமர்கட்டை மென்று விழுங்கவே நேரமாயிற்று.

"வேணாங்க. அங்க வந்தா எனக்குக் கை நிக்காது."

"இங்க நிக்குதா?"

"இன்னிக்கு நின்னுச்சு" என்றாள்.

மே மாதம் நிர்வாகக் குழு கூடியது. முடிந்ததும் செபஸ்தியான் அவளைக் கூப்பிட்டு, "இனிமே வருஷக் கணக்கெல்லாம் இல்ல, மேடம்" என்றார். அன்று ரத்தினவேல் ராஜகோபுரத்துக்குப் பக்கத்துக் கடையில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தான்.

ஆகஸ்டில் அடுத்த வகுப்புக்கு வைண்டிங் தொடங்கியது. முதல் நாள் முன் வரிசையில் இருந்த ஒரு பெண் கம்பியைத் துளைக்குள் இறக்கினாள். இரும்பு விளிம்பில் நன்றாகவே உரசியது. அனுசுயாவுக்குப் பல் கூசியது. "தள்ளு" என்ற சொல் வாயிலிருந்து வந்துவிட்டது, கம்பியும் கைக்கு வந்துவிட்டது, ஒரு சுற்று உள்ளே இறங்கியும் விட்டது. அழகான சுற்று. வகுப்பு முழுக்க டார்ச் எடுக்கப் பையைத் துழாவியது.

அவள் நிறுத்தினாள். தான் போட்ட சுற்றைத் தானே உருவி எடுத்து, கம்பியை நீவி நேராக்கி, அந்தப் பெண்ணின் கையில் திரும்பக் கொடுத்தாள்.

"நீ போடு. நான் போய் டீ குடிச்சிட்டு வரேன்."

"தப்பா வந்தா மேடம்?"

"வரும்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.